வேறு யாரோ ஒருவரின் ரத்த அழுத்தம்

அப்பாவுக்கு 71 வயது. போன ஆனி மாதம் ஒரு நாள் தலை சுற்றுகிறது என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். பதினைந்து நாளைக்குக் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அந்த எண்களைப் பார்த்த பிறகுதான் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்வேன் என்றார். அன்று இரவே ஆன்லைனில் ஒரு பி.பி. மெஷின் ஆர்டர் போட்டேன். 1,849 ரூபாய். பாளையங்கோட்டையில் கடையில் கேட்டதைவிட நானூறு ரூபாய் குறைவு.

இரண்டே நாளில் வந்தது. பெட்டி பளிச்சென்று இருந்தது, டேப் சரியாக ஒட்டியிருந்தது. எதை வாங்கினாலும் கூட வரும் தாளை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுத்தான் அப்பா அதைத் தொடுவார். படித்துக்கொண்டே ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். பழைய அளவுகளைக் காட்டும் பொத்தானை அழுத்தியதும் நிமிர்ந்தார்.

“இது என்னோடது இல்லையே தாயி.”

மெஷினுக்குள் பதினான்கு அளவுகள் இருந்தன. 150, 162, 155 என்று போய் ஓரிடத்தில் 178/104. அப்பா அதுவரை ஒரு முறைகூடக் கையில் கட்டவில்லை. கைப்பட்டையைப் பிரித்துப் பார்த்தேன். ஒட்டும் பகுதியில் நூல் பிசிறும் ஒரு நரைமுடியும் சிக்கியிருந்தன. காலையும் மாலையும் என்று ஏழு நாள் யாரோ பயன்படுத்திவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் மறுபடி ஒட்டி, புதிது என்று முழு விலைக்கு எங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

அடுத்தவர் பயன்படுத்திய பொருள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அவர் ஏன் திருப்பி அனுப்பினார் என்பதுதான் பயமாக இருந்தது. மெஷின் தப்பாகக் காட்டியதால் அனுப்பினாரா? அந்த 178 உண்மையா, மெஷினின் கோளாறா? இந்த எண்களை நம்பித்தானே டாக்டர் என் அப்பாவுக்கு மருந்து எழுதப்போகிறார்!

எந்த நிறுவனத்தில் வாங்கினேன் என்று எழுதப்போவதில்லை. அது இங்கே தேவையும் இல்லை. கீழே பெயர் சொல்லி எழுதியிருப்பவை எல்லாம் பொதுவெளியில் பதிவானவை. என் கதை தனி.

ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. அன்றைக்கே ரிட்டர்ன் போட்டேன். மறுநாள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று செய்தி வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை, தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டே காலுக்குச் செய்தி: “எங்கள் ஊழியர் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை.” இரண்டாம் நாள்: “வாடிக்கையாளர் வேறு தேதி கேட்டார்.” நான் கேட்கவில்லை. மூன்றாம் முறை மறுபடியும் வீட்டில் யாரும் இல்லையாம். எட்டாம் நாள் காலையில் ஆப்பைத் திறந்தால் ரிட்டர்ன் பொத்தானே இல்லை. திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது.

அப்புறம் தொடங்கியது பேச்சு. முதலில் இயந்திரம் பதில் சொல்லும். அதைத் தாண்டினால் ஒரு மனிதர் வருவார், மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்பார், 48 மணி நேரம் பொறுக்கச் சொல்வார். 48 மணி நேரம் கழித்துப் போனால் வேறொருவர் இருப்பார். அவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். மெஷினின் திரையைப் படம் எடுத்து நான்கு பேருக்கு நான்கு முறை அனுப்பினேன். ஐந்தாவதாக வந்தவர்தான் உண்மையைச் சொன்னார்: “மேடம், நாங்கள் ஒரு சந்தை மட்டும்தான். பொருளை விற்றது விற்பனையாளர். அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.” அந்த விற்பனையாளர் யார் என்று பார்த்தால் கேள்விப்படாத ஒரு நிறுவனப் பெயரும் பெங்களூர் முகவரியும் இருந்தன. தொலைபேசி எண் இல்லை.

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. நான் பணம் கட்டியது அவர்களிடம். பெட்டியின் மேல் இருந்தது அவர்கள் பெயர். பொருள் கிடந்தது அவர்கள் கிடங்கில், கொண்டுவந்தது அவர்கள் சட்டை போட்ட பையன். எல்லாம் சரியாக இருக்கும்வரை கடை அவர்களுடையது. கோளாறு என்றதும் அது சந்தையாகிவிடுகிறது.

இந்தச் சந்தை என்ற சொல்லுக்கு ஒரு சட்டப் பின்னணி இருக்கிறது. அந்நிய முதலீடு பெற்ற நிறுவனம் தானே சரக்கை வாங்கி வைத்து இணையம் வழியாகப் பொதுமக்களுக்கு நேரடியாக விற்க இந்தியாவில் பொதுவாக அனுமதி இல்லை. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைக்கும் சந்தையை நடத்தலாம், அவ்வளவுதான். ஊர்க் கடைக்காரர்களைக் காப்பாற்றப் போட்ட விதி இது. அமேசான் 2013-இல் இங்கே வந்தது சந்தையாகத்தான். 2007-இல் பெங்களூரில் தொடங்கிய ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை 2018-இல் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவும் சந்தைதான்.

ஆனால் அந்தச் சந்தைக்குள் யார் விற்கிறார்கள் என்று பாருங்கள். 2021-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அமேசானின் உள் ஆவணங்களைப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள் இருந்த தளத்தில், 2019-இன் தொடக்கத்தில், வெறும் 35 பேர்தான் மொத்த விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்திருக்கிறார்கள். அதில் மிகப் பெரிய இருவரிடம் அமேசானுக்கே மறைமுகப் பங்கு இருந்தது. எல்லா விற்பனையாளரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறோம் என்று நிறுவனம் சொன்னது. டெல்லி வியாபாரிகள் அமைப்பு ஒன்று கொடுத்த புகாரின்பேரில் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மீதும் இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியிலேயே விசாரணைக்கு உத்தரவிட்டிருந்தது. விசாரணையே கூடாது என்று நிறுவனங்கள் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போயின.

“நாங்கள் சந்தைதான்” என்ற வாதத்துக்கு ஒரு முறை நல்ல பதில் கிடைத்திருக்கிறது. அது குக்கர் விஷயத்தில். 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு உபயோகப் பிரஷர் குக்கர் எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்பது கட்டாயம். வெடித்தால் முகமும் கையும் போகும் பொருள் அல்லவா. அதற்குப் பிறகும் அந்தத் தரக் கட்டுப்பாட்டு உத்தரவை மீறிய குக்கர்கள் இணையத்தில் விற்கப்பட்டன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான் மீது உத்தரவு போட்டது. அப்படி விற்றவை 2,265 குக்கர்கள், அவற்றால் அமேசானுக்குக் கிடைத்த கட்டணம் 6,14,825 ரூபாய். நாங்கள் இடையில் இருப்பவர்கள்தான் என்ற வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. விற்பனையில் காசு பார்த்துவிட்டுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்றது. வாங்கியவர்கள் எல்லாருக்கும் தெரிவித்து, குக்கரைத் திரும்ப வாங்கி, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அதே மாதம் ஃபிளிப்கார்ட்டுக்கும் இதே மாதிரி உத்தரவு, அங்கே 598 குக்கர்கள்.

உத்தரவைப் படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. அபராதத் தொகையைப் பார்த்ததும் அது போய்விட்டது. ஒரு லட்சம் ரூபாய். ஆறு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர்களுக்கு ஒரு லட்சம் அபராதம்.

விற்பவர் பக்கமும் கேட்டுப் பார்க்கலாம் என்று திருப்பூரில் இருக்கும் கல்லூரித் தோழியைக் கூப்பிட்டேன். அவளும் கணவரும் ஆறு தையல் மெஷின் போட்டுக் குழந்தைகள் பனியன், நைட் டிரெஸ் தைத்து இரண்டு தளங்களில் விற்கிறார்கள். என் கோபத்தில் ஒரு பங்கு அவளைப் போன்றவர்கள் மேலும் இருந்தது. அவள் சொன்னதைக் கேட்ட பிறகு அது இல்லை.

“நீ கொடுக்கிற காசுல கமிஷன் போகும், டெலிவரி கூலி போகும், அவங்க குடோன்ல வச்சா அதுக்கு வாடகை போகும். விளம்பரம் போடலைன்னா நம்ம துணி பத்தாவது பக்கத்துல கிடக்கும், அதுக்கும் காசு. ரிட்டர்ன் வந்துச்சுன்னா அந்தக் கூலியும் என் தலையில. போன மாசம் புது செட் ஒண்ணு அனுப்புனேன், திரும்பி வந்த கவர்ல பழைய பாவாடை இருக்கு. புகார் குடுத்தேன். உன்கிட்ட சொன்ன மாதிரியேதான் எனக்கும் சொன்னாங்க, 48 மணி நேரம் பொறுங்கன்னு.”

அவள் கேட்டது கடைசியில் ஒரே கேள்விதான். திரும்பி வந்த பொருளைக் கிடங்கில் பிரித்துப் பார்க்க ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஆனால் கிடங்குக்குள் நேரம் என்றால் என்ன என்பது நமக்குக் கொஞ்சம் தெரியும். 2024 மே 16 அன்று, வட இந்தியா வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஹரியானாவில் மானேசர் பக்கமுள்ள அமேசான் கிடங்கில் தொழிலாளர்களை ஒரு உறுதிமொழி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 24 அடி நீள லாரிகள் ஆறில் இருக்கும் சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போக மாட்டோம் என்று. நாளுக்குப் பத்து மணி நேரம், வாரம் ஐந்து நாள் நின்று செய்யும் அந்த வேலைக்கு மாதச் சம்பளம் 10,088 ரூபாய் என்று ஒரு தொழிலாளி பத்திரிகையிடம் சொல்லியிருந்தார். தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விளக்கம் கேட்டது. அப்படி ஒன்று நடந்ததை நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது, தனிப்பட்ட ஒரு சம்பவம் என்று சொல்லி. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஓட்டுநர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிக்க நேர்கிறது என்பதை முதலில் கேலியாக மறுத்த அமேசான், 2021 ஏப்ரலில் அது உண்மைதான் என்று மன்னிப்புக் கேட்டது.

இரண்டு நாளில் பொருள் வருவதும் நானூறு ரூபாய் குறைவதும் எங்கிருந்து வருகின்றன என்று அதுவரை நான் கேட்டதில்லை.

என் விஷயத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வராமலேயே “யாரும் இல்லை” என்று போட்டது எங்கள் தெருவுக்கு வரும் பையன்தான் என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து எதிர் வீட்டுக்கு ஏதோ கொண்டுவந்தபோது வாசலிலேயே நிறுத்திக் கத்திவிட்டேன். வயதானவரைத் திண்ணையில் காய வைத்தாய் என்று தெருவே கேட்கும்படி. முழுவதையும் தலைகுனிந்து கேட்டுவிட்டுப் போனை எடுத்துக் காட்டினான்.

“அக்கா, உங்க வீட்டு பிக்கப் எனக்கு வரவே இல்லை. பாருங்க, அன்னைக்கு எனக்கு 92 டெலிவரி. பிக்கப் எல்லாம் வேற ஆளு பாக்காங்க. அவங்களுக்கும் ஆள் பத்தலை. முடிக்க முடியாததை எதாவது ஒரு காரணம் போட்டாத்தான் ஆப்பு மூட விடும். வர முடியலைன்னு ஒரு காரணமே அதுல கிடையாது.”

அப்படி ஒரு காரணமே ஆப்பில் கிடையாது. வர முடியாததற்குப் பொறுப்பு நிறுவனத்தினுடையது என்று பதிவாகும் இடமே அதில் இல்லை. ஒன்று நான் வீட்டில் இல்லை, அல்லது நான் தேதியை மாற்றினேன். குற்றம் எப்படிப் போனாலும் என்மேல்தான் வந்து விழும். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லக்கா, எல்லாரும் எங்களைத்தான் ஏசுவாங்க, வேற யாரை ஏச முடியும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அவன் குரலில் கோபமே இல்லை. அவனுக்கு 22 வயதுகூட இருக்காது.

இவர்களுக்காக எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் அறிவித்து, அந்த டிசம்பரில் தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் வந்தது. 2025-இல் சென்னை அண்ணா நகரில் மாநகராட்சி இவர்கள் உட்கார ஏ.சி. போட்ட அறை கட்டியது. நல்ல காரியங்கள். ஆனால் உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் அரசாங்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், இவர்கள் உழைப்பில் ஓடும் நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன?

வாடிக்கையாளர் ஒரு நிறுவனத்தை விட்டு வெளியேறும் பாதையை வேண்டுமென்றே கடினமாக்குவது இந்தத் தொழிலில் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. அமேசானின் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருந்த பெயர் “இலியட்”. படித்தாலும் படித்தாலும் தீராத அந்தக் கிரேக்க காவியத்தின் பெயர். நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தெரிவுகள். இது அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் தொடுத்த வழக்கில் உள்ள விவரம். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தந்து, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, அமேசான் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம். நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30 அன்று இந்த மாதிரி 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறார்கள்: இன்னும் இரண்டுதான் பாக்கி என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவிடுவது. ரிட்டர்ன் பொத்தானைக் காணாமல் போக்குவதை எந்த வகையில் சேர்ப்பது என்று அந்தப் பட்டியலில் தேடினேன்.

கடைசியில் எனக்கு உதவியது வேறொரு விதி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள். ஒவ்வொரு தளமும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும், அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. நான் வாங்கிய தளத்திலும் அந்த அதிகாரியின் முகவரி இருந்தது. முகப்பின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் ஒரு தொடுப்பு, அதற்குள் இன்னொரு பக்கம், அதன் கடைசியில். ஐந்து பேரிடம் பேசியபோது ஒருவர்கூட அப்படி ஓர் ஆள் இருப்பதைச் சொல்லவில்லை.

தேதி வாரியாக எல்லாவற்றையும் எழுதி, படங்களை இணைத்து அவருக்கு அனுப்பினேன். அன்றைக்கே 1915-க்கும் கூப்பிட்டேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அது நீதிமன்றம் இல்லை, கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்கு மேல் போக வழி இருக்கிறது. நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இணையத்திலேயே மனுவைத் தாக்கல் செய்யலாம், இரண்டு வருட அவகாசம் உண்டு. இந்த நான்கையும் என் கடிதத்தின் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன்.

ஆறாம் நாள் பணம் திரும்ப வந்தது. “சிறப்புச் சலுகையாக” என்று எழுதியிருந்தார்கள். நான் சலுகை கேட்கவில்லை. நான் கேட்டவை இரண்டு கேள்விகள்: பயன்படுத்திய மருத்துவக் கருவி எப்படிப் புதிது என்று விற்கப்பட்டது, இனி அப்படி நடக்காமல் என்ன செய்திருக்கிறீர்கள்? இரண்டுக்கும் அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. மறுபடி கேட்டேன். புகார் தீர்க்கப்பட்டுவிட்டதால் கோப்பு மூடப்பட்டது என்று வந்தது.

அப்பாவுக்கு இதற்கிடையில் நாள் ஓடிக்கொண்டிருந்ததே. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் கடையில் அதே கம்பெனி மெஷினை 2,250 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்கார அண்ணாச்சி பெட்டியை எங்கள் கண்முன்னால் பிரித்து, பேட்டரி போட்டு, முதலில் தன் கையிலும் பிறகு அப்பா கையிலும் பார்த்தார். கடைக்கு வந்து போகும் நர்ஸம்மாவிடம் சொல்லிப் பாதரச மெஷினிலும் ஒரு முறை பார்க்கச் சொல்லி ஒப்பிட்டுக் காட்டினார். பில்லின் பின்னால் தன் செல் நம்பரை எழுதினார். “எதுனாலும் இங்கயே கொண்டு வாங்க. கம்பெனிக்கு நான் பேசிக்கிடுதேன்.” அவரும் அந்த மெஷினைத் தயாரித்தவர் இல்லை. அவரும் இடையில் நிற்பவர்தான்.

பணம் வந்து ஒரு வாரம் கழித்துப் பழைய மெஷினை எடுத்துப் போக ஆள் வந்தான். இந்த முறை வேறொரு பையன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் “பயன்படுத்தப்பட்டது, விற்க வேண்டாம்” என்று மார்க்கரால் எழுதி வைத்திருந்தேன். பார்த்ததும் தயங்கினான். “எழுதியிருந்தா ஸ்கேன்ல ரிஜெக்ட் ஆயிரும்க்கா. எனக்குத்தான் மார்க் போகும்.” எழுத்தை அழிக்க முடியவில்லை. அந்த அட்டை உறையைக் கழற்றிவிட்டு உள்பெட்டியை மட்டும் கொடுக்கலாமா என்று கேட்டேன். போனில் யாரையோ கேட்டுவிட்டுச் சரி என்றான்.

அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே போய் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். இந்த மெஷின் உங்களுக்கு முன்னால் இரண்டு வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறது, தயவு செய்து இதை நம்பி மருந்து சாப்பிடாதீர்கள், 1915-க்குக் கூப்பிடுங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். நான்காக மடித்து, கைப்பட்டைக்குள் சுருட்டி வைத்து, பெட்டியை மூடிக் கொடுத்தேன்.